பழைய பேப்பர் கடையில கிடைச்ச தையல் பேட்டர்ன் கட்டு, வெட்டலாமா வேணாமா?

அரசலாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் கும்பகோணம். தையல் முறையா கத்துக்கல, யூடியூப் பாத்து ரெண்டு வருஷமா எனக்கு மட்டும் ஜாக்கெட் தைச்சுக்கறேன், இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கேக்கப்போறது கொஞ்சம் அசட்டுத்தனமா இருக்கலாம்.

பெரிய கடைத்தெரு பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை இருக்கு, அங்க வாரம் ஒரு தடவ எட்டிப் பாக்கலன்னா எனக்கு கை அரிக்கும். பழைய தொடர்கதை பைண்டிங், கல்யாணப் பத்திரிகை, கோலப் புஸ்தகம்னு எதாவது கிடைக்கும். போன வாரம் தராசு பக்கத்துல சணல் போட்டு கட்டின ஒரு பொட்டலம், மேல இருந்த கவர்ல மூணு வெள்ளக்காரப் பொம்பளைங்க இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்கறாங்க, வரைஞ்ச படம், போட்டோ இல்ல. குடை மாதிரி விரிஞ்ச பாவாடை, போட் நெக், முக்கால் கை. பாத்ததும் நம்ம பழைய கருப்பு வெள்ளைப் படத்து ஹீரோயின் ஜாக்கெட் கழுத்துதான் ஞாபகம் வந்துச்சு. கிலோ கணக்குல போட்டா முப்பது ரூபா கூட வராது, ஆனா நான் ஆசையா தூக்கினத கடைக்காரர் பாத்துட்டாரு, நூத்தம்பதுன்னாரு, குடுத்துட்டேன். ஆசைய முகத்துல காட்டாதடின்னு அம்மா எத்தன தடவ சொல்லிருக்காங்க.

வீட்ல வந்து பிரிச்சா மொத்தம் பதினோரு கவர், உள்ள துணி மேல வச்சு வெட்டறதுக்கான டிஷ்யூ பேப்பர் பீஸ், எல்லாம் அமெரிக்கா பேட்டர்ன் கம்பெனி. சிம்ப்ளிசிட்டி ஏழு, மெக்கால்ஸ் ரெண்டு, பட்டரிக் ரெண்டு. ரெண்டு கவர்ல ஊதா மையில பினாங்கு கடை ரப்பர் ஸ்டாம்ப். கூடவே ஒரு தையல் ரெக்கார்ட் நோட்டு, ஜபலா, யோக் கவுன், உள்பாவாடை எல்லாம் பொம்மைக்கு தைக்கற சைஸ்ல வெட்டி ஒட்டிருக்கு, கையெழுத்து அவ்ளோ அழகு, பேர் எழுதின முதல் பக்கம் மட்டும் கிழிஞ்சு போச்சு. கவருக்குள்ள பழைய நியூஸ்பேப்பர் வேற திணிச்சு வச்சிருந்தாங்க, தொட்டா உடையுது, அத எடுத்து தனியா ஒரு பையில போட்டுட்டேன்.

இப்ப சந்தேகம். ஒரு கவர்ல 14ம் நம்பர் சைஸ், மார்பு 34ன்னு இருக்கு. இன்னொண்ணுலயும் அதே 14தான், ஆனா மார்பு 36. ஒரே கம்பெனி! எது சரி? அப்புறம் ஒரு சிம்ப்ளிசிட்டி கவர்ல டிஷ்யூ பேப்பர் மேல ஒரு கோடு இல்ல, எழுத்து இல்ல, வெறும் ஓட்டை ஓட்டையா இருக்கு, ராமபாணப் பூச்சி தின்னுடுச்சுன்னு நினைக்கிறேன், அத தூக்கிப் போட்டுடலாமா? இதெல்லாம் எந்த வருஷத்துதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது? தை மாசம் அத்தை பொண்ணு கல்யாணம், பாட்டியோட சுங்குடி ஒண்ணு இருக்கு, அதுக்கு அந்த போட் நெக் முக்கால் கைய வச்சு தைக்கணும்னு ஆசை, அதனால டிஷ்யூவ வெட்டலாமா வேணாமான்னும் சொல்லுங்க. இந்த மாதிரி பழைய பொம்பளைங்க துணி, பேட்டர்ன் எல்லாம் நம்ம பக்கம் வேற எங்க கிடைக்கும்னு தெரிஞ்சாலும் சொல்லுங்க.

சும்மா ஒருத்தன்:

நூத்தம்பது ரூபாய்க்கு ரெண்டு பிளேட் நெய் ரோஸ்ட் வந்துருக்கும். செத்துப்போனவங்க வீட்டுக் குப்பைய காசு குடுத்து வாங்கிட்டு வந்து வெட்டலாமா வேணாமான்னு கேள்வி வேற. அளவு ஜாக்கெட் குடுத்தா தெருமுனை டெய்லர் ரெண்டு நாள்ல தைச்சுக் குடுக்க மாட்டாரா?

மன்னை டெய்லரக்கா:

தம்பி நீ ரோஸ்ட் சாப்புடு, நாங்க பேசிக்கறோம்.

ஏம்மா அரசலாறு, முதல்ல ஒண்ணு கேக்கறேன், அந்த நியூஸ்பேப்பர தூக்கி எறிஞ்சுட்டியா இல்ல பையில இருக்கா? இருந்தா தொடாத. அப்படியே வை. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஓட்டை விஷயம் படிச்சுட்டு வாய் விட்டு சிரிச்சுட்டேன், தப்பா நினைக்காத. அது பூச்சி அரிச்சது இல்லம்மா, கம்பெனிக்காரனே குத்தி விட்ட ஓட்டை. அந்தக் காலத்துல அச்சடிக்காம வெறும் டிஷ்யூவ அடுக்கி வெட்டி, டாட் (உடம்பு வளைவுக்கு துணிய கூம்பா பிடிச்சு தைக்கறது) எங்க பிடிக்கணும், மடிப்பு எங்க வரணும், நேர் இழை எதுன்னு எல்லாத்தையும் ஓட்டையாலயே சொல்லிருப்பான். பெரிய ஓட்டைக்கு ஒரு அர்த்தம், சின்ன ஓட்டைக்கு ஒரு அர்த்தம், ஓரத்துல வி மாதிரி வெட்டு இருந்தா இன்னொரு பீஸோட அதே வெட்டோட சேக்கணும். உள்ள மடிச்சு வச்ச விளக்கத் தாள் இருக்கான்னு பாரு, எந்த ஓட்டைக்கு என்னன்னு அதுல இருக்கும். அது இல்லன்னா கஷ்டந்தான், ஆனாலும் முடியும். பூச்சி அரிச்ச ஓட்டை கோணல்மாணலா ஓரம் பிசிறா இருக்கும், இது காதணி ஓட்டை மாதிரி வட்டமா சீரா இருக்கும், விளக்கு பின்னாடி பிடிச்சு பாத்தா தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, தையலுக்கு விடறது. நாம அளவுக்கு கோடு போட்டுட்டு வெளிய ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் பிற்பாடு பிரிச்சுக்கலாம்னு விடுவோம்ல, இந்த அமெரிக்கா பேட்டர்ன் பெரும்பாலும் ஓரத்துலயே அஞ்சு நூல் சேத்துதான் வெட்டிருப்பான். இன்ச்சுல எட்டுல அஞ்சு. அது தெரியாம நீ இன்னும் ஒரு இன்ச் விட்டன்னா ஜாக்கெட்டு தொளதொளன்னு வரும்.

டிஷ்யூவ வெட்டாத. டிஷ்யூவ வெட்டறவ டெய்லரே இல்ல. பிரவுன் ஷீட் வாங்கி மேல வச்சு எடுத்துக்க.

நூல்கண்டு காரைக்கால்:

அக்கா சொன்னதுக்கு மேல சைஸ் குழப்பத்துக்கு நான் சொல்றேன், நானும் இதுல மாட்டி ஒரு நல்ல வாயில் துணிய பாழ் பண்ணினவ.

ரெண்டும் சரி. 1967, 68 வாக்குல அமெரிக்கா பேட்டர்ன் கம்பெனி எல்லாம் சேந்து சைஸ் கணக்க மாத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி 14ன்னா மார்பு 34. மாத்தினதுக்கு அப்புறம் 34ங்கறது 12 ஆயிடுச்சு, 14 போய் 36ல உக்காந்துடுச்சு. ரெடிமேட் கடை நம்பரோட ஓரளவுக்காவது ஒத்துப் போகட்டும்னு செஞ்சது. அதனால நம்பர பாக்கவே பாக்காதீங்க, இன்ச்ச மட்டும் பாருங்க. உங்க 34 கவர் பழசு, 36 கவர் புதுசு. அந்த 36 கவர்ல எங்கயாவது புது அளவுன்னு இங்கிலீஷ்ல தனியா போட்டிருக்கான்னு பாருங்க, மாத்தின புதுசுல கவர்லயே அச்சடிச்சு விட்டாங்க.

வருஷம் கண்டுபிடிக்க மெக்கால்ஸ்ல நிறைய கவர்ல வருஷமே சின்ன எழுத்துல இருக்கும். மத்ததுல இல்லன்னா கம்பெனி விலாசத்த பாருங்க. நியூயார்க்குக்கு பக்கத்துல ரெண்டு இலக்கம் மட்டும் இருந்தா 1943க்கு மேல, 63க்கு முன்ன. அஞ்சு இலக்கம் இருந்தா 1963க்கு அப்புறம், அப்பத்தான் அமெரிக்காவுல அஞ்சு இலக்க பின்கோடு வந்துச்சு. ஓட்டை மட்டும் உள்ளது அனேகமா உங்க கட்டுலயே மூத்தது, 30கள், 40கள்னு வைக்கலாம், மெக்கால்ஸ்காரன் 1920கள்லயே டிஷ்யூ மேல அச்சடிக்க ஆரம்பிச்சுட்டான், உங்க கட்டுல உள்ள மத்த ரெண்டு கம்பெனியும் ரொம்ப லேட்டு. படத்தயும் பாருங்க, தோள்ல திண்டு வச்ச மாதிரி சதுரமா, பாவாடை முட்டியோட ஒட்டி சிக்கனமா இருந்தா அது யுத்தகாலம், துணிக்கே கட்டுப்பாடு போட்ட நேரம். இடுப்பு ஒடிஞ்சு விழற மாதிரி சிறுத்து பாவாடை கஜக்கணக்குல விரிஞ்சா 1947க்கு அப்புறம், அந்த வருஷம் பாரிஸ்ல டியோர் காட்டின ஸ்டைல்தான் எல்லா பேட்டர்ன் கவர்லயும் வந்து உக்காந்துச்சு.

எங்க வீட்ல வேற கதை. பிரான்சு சித்தி ஊருக்கு வரும்போதெல்லாம் பர்டான்னு ஒரு ஜெர்மன் தையல் பத்திரிகை கொண்டு வருவாங்க, நடுவுல ஒரு பெரிய தாள், அதுல பத்து பதினஞ்சு டிரஸ்ஸோட கோடும் ஒண்ணு மேல ஒண்ணு, பாத்தா விழுப்புரம் ஜங்ஷன் தண்டவாளம் மாதிரி இருக்கும். அதுல தையலுக்கு விடவே மாட்டான், நாமதான் சேத்துக்கணும். ரெண்டையும் மாத்தி மாத்தி தைச்சா பைத்தியம் பிடிக்கும். காரைக்கால்ல பிரான்சு பென்ஷன் வாங்கற வீடு இருக்கற தெருவுல பழைய பேப்பர்காரர்கிட்ட சொல்லி வைங்க, கிடைக்கும். எனக்கு அப்படித்தான் மூணு கிடைச்சுது.

ஆனா துணி கிடைக்கறது கஷ்டம். இங்க யாரும் பழைய துணிய கடைக்குன்னு குடுக்கறதில்ல, பாத்திரக்காரர்கிட்ட எவர்சில்வர் டப்பாவுக்கு போட்டுருவாங்க, இல்ல கால்மிதி ஆயிடும். பட்டுன்னா இன்னும் கொடுமை, ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு பழைய பட்டுப்புடவை எடுக்கறோம்னு வருவாங்கள்ல, அவங்க கட்டறதுக்கு எடுக்கல, ஜரிகையில உள்ள வெள்ளிக்கு எடுத்து உருக்கறாங்க. எங்க ஆயாவோட கூறைநாட்டுப் புடவை அப்படி போச்சு, எட்டாயிரம் குடுத்தாங்கன்னு வீட்ல சந்தோஷம் வேற.

நாகூர்க் காத்து:

பினாங்கு ஸ்டாம்ப்னு பாத்ததும் உள்ள வந்தேன். எங்க உம்மாவோட வாப்பா சபுராளி, அதான் கடல் தாண்டி சம்பாதிக்கப் போனவர், பினாங்குல ஜவுளிக்கடையில கணக்குப்பிள்ளை. நாகப்பட்டினத்துல இருந்து ரஜூலா கப்பல். 1926ல ஓட ஆரம்பிச்ச கப்பல் எழுபதுகள் வரைக்கும் ஓடுச்சு, அதுக்கப்புறம் சிதம்பரம் கப்பல், அதுவும் 1985ல தீப்பிடிச்சதோட நின்னு போச்சு. ஊருக்கு வரும்போது ட்ரங்குப் பெட்டியில அத்தர், பிளாஸ்க், கைலி, நைலக்ஸ் துணி, பொம்பளைப் பிள்ளைங்களுக்கு கவுன் தைக்கற படக் கவரும் வரும்னு உம்மா சொல்லுவாங்க. கவுன் தைச்சாங்களோ இல்லியோ, அந்தப் படத்த காட்டி ஜாக்கெட் கை இப்படி வேணும் கழுத்து இப்படி வேணும்னு டெய்லர்கிட்ட சண்டை போடறதுக்கு அது உதவும். எங்க பெரியும்மா கல்யாண போட்டோவுல போட்டிருக்கற பஃப் கை அப்படி வந்ததுதான். உங்க கட்டும் யாரோ கப்பல் வீட்டுதுதான், கும்பகோணத்துக்கு எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல, பொண்ணு குடுத்த ஊரா இருக்கலாம்.

அரசலாத்தங்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓட்டை விளக்குல பிடிச்சு பாத்தேன், அக்கா சொன்ன மாதிரி வட்டமா இருக்கு, நல்லவேளை குப்பையில போடல, அவமானமா இருக்கு. போட் நெக் கவர்ல நியூயார்க் விலாசத்துல அஞ்சு இலக்கம், மார்பு 34க்கு 14. அப்ப 63க்கும் 67க்கும் நடுவுல, சரிதானே?

அக்கா, அந்த நியூஸ்பேப்பர் பையில பத்திரமா இருக்கு. நீங்க சொன்னதால தரையில பழைய வேட்டிய விரிச்சு மெதுவா பிரிச்சேன். வெறும் அடைச்ச பேப்பர்னு நினைச்சது தப்பு. வெட்டின பீஸ். நாலு பீஸ், ரெண்டு பெருசு, ரெண்டு நீளப் பட்டை. பெரிய பீஸ் ஒண்ணு அந்த போட் நெக் டிஷ்யூ மேல வச்சா கழுத்தும் தோளும் அப்படியே பொருந்துது, ஆனா கீழ குட்டையா நிக்குது, பக்கவாட்டுல உள்பக்கமா ரெண்டாவது ஒரு பென்சில் கோடு வேற. ஓரத்துல "சித்திக்கு, 34, முழங்கை வரை"ன்னு எழுதிருக்கு, ரெக்கார்ட் நோட்டுல உள்ள அதே கையெழுத்து. பேப்பர்ல தேதி இல்ல, ஆனா அண்ணா இறுதி ஊர்வலச் செய்தி பாதி இருக்கு, அப்ப 1969 பிப்ரவரி. எனக்கு ஏனோ கை நடுங்கிடுச்சு.

மன்னை டெய்லரக்கா:

நெனச்சேன். கவருக்குள்ள யாரும் பேப்பர சும்மா அடைக்க மாட்டாங்கம்மா.

அந்தப் பொம்பள என்ன பண்ணிருக்கான்னு கேளு. வெள்ளக்காரி கவுனோட மேல்பாடிய எடுத்துருக்கா. கவுனுக்கு முன்பக்கம் மடிப்புல வெட்டணும், திறப்பு இருக்காது, ஜிப்பு முதுகுலயோ பக்கத்துலயோ வரும். நமக்கு முன்னாடி ஊக்கு வேணும், அதனால முன்ன நடுவுல திறந்து ஊக்குப்பட்டிக்கு சேத்து வெட்டிருப்பா, அந்த நீளப் பட்டையில ஒண்ணு அதுவா இருக்கும். இன்னொண்ணு இடுப்புப் பட்டி. கவுன் பாடி முதுகு உயரம் அந்த சைஸுக்கு பதினாறு இன்ச்சுக்கு மேல வரும், புடவைக்கு அது ரொம்ப நீளம், அதனால கீழ குட்டை பண்ணி பட்டிய கொடுத்துருக்கா, டாட்டயும் பட்டியோட முடிச்சுருக்கா. உள்ள உள்ள ரெண்டாவது கோடுதான் முக்கியம். கவுனுக்கு உடம்பளவ விட மூணு நாலு இன்ச் தளர்ச்சி வச்சுதான் அவன் வெட்டுவான், நம்ம ஜாக்கெட்டு அப்படி இருந்தா யார் போடுவா, ஒட்டி நிக்கணும், அந்தத் தளர்ச்சியத்தான் அவ உள்கோட்டுல எடுத்துருக்கா. இத யாரும் அவளுக்கு சொல்லிக் குடுத்துருக்க மாட்டாங்க.

நானும் அந்த ரெக்கார்ட் நோட்டு எழுதினவதான். கவர்மெண்ட் தையல் பரீட்சை, லோயர், ஹையர் ரெண்டும், அப்புறம் டீச்சர் ட்ரெய்னிங். நோட்டுல என்ன வரும்னா ஜபலா வரும், கவுன் வரும், சட்டை வரும், எல்லாம் ஃபார்முலா, மார்பில் நாலில் ஒரு பாகம் கூட்டு ஒன்னுன்னு. இன்னிக்கு கடையில ஜாக்கெட் தைக்கறவங்க யாரும் அத வச்சு தைக்கல, அளவு ஜாக்கெட்ட விரிச்சுப் போட்டு சாக்பீஸால சுத்தி கோடு போட்டுட்டு வெட்டறாங்க. நான் உட்பட. அதுல ஒரு கஷ்டம், அளவு ஜாக்கெட்டுல உள்ள தப்பும் தலைமுறை தலைமுறையா அப்படியே வரும். எங்கிட்ட ஒரு வீட்டம்மா முப்பது வருஷமா வலது தோள் அரை இன்ச் இறங்கின ஜாக்கெட்டே போடறாங்க, நான் சரி பண்ணிக் குடுத்தா பழைய மாதிரி இல்லன்னு திருப்பிக் குடுத்தாங்க.

உன் கட்டுல பதினோரு கவரயும் ஒரு தட்டுல வச்சு அந்த நாலு பேப்பர் பீஸ இன்னொரு தட்டுல வச்சா நான் பேப்பரதான் எடுப்பேன். கவர் அச்சடிச்சது, அமெரிக்காவுல தேடினா இன்னும் கிடைக்கும்.

சும்மா ஒருத்தன்:

சரி ஒத்துக்கறேன், இது குப்பை இல்ல. எங்க அம்மாகிட்ட படிச்சு காட்டினேன், அவங்களும் கல்யாணத்துக்கு முன்ன இந்தப் பரீட்சை எழுதிருக்காங்களாம், இவ்ளோ நாளா எனக்கு தெரியாது. நோட்டு இருக்காம்மான்னு கேட்டேன். நீ பொறந்தப்ப அந்த சாம்பிள் ஜபலாவ பாத்துதான் உனக்கு தைச்சேன்னு சொன்னாங்க. நோட்டு வெள்ளத்துல போயிடுச்சாம்.

பெரியகோயில் நிழல்:

நான் தஞ்சாவூர், தையல் தெரியாது, பழைய பேப்பர் கொஞ்சம் தெரியும். அந்த நியூஸ்பேப்பர ஒட்டறதுக்கு செல்லோ டேப் மட்டும் போட்டுடாதீங்க, பத்து வருஷத்துல பழுப்பு பிசினா ஆகி பேப்பரையும் சேத்து தின்னுடும். மடிச்சும் வைக்காதீங்க, மடிப்புலதான் முதல்ல விடும், பட்டுப்புடவை மாதிரியே. பெரிய கனமான வெள்ளைத் தாள் ரெண்டுக்கு நடுவுல படுக்க வச்சு கட்டிலுக்கு அடியில இல்லாம அலமாரி மேல்தட்டுல வைங்க, நம்ம ஊர் ஐப்பசி ஈரத்துக்கு கீழ்தட்டு ஆகாது. டிஷ்யூ சுருக்கம் எடுக்கணும்னா சூடு குறைச்சு தண்ணி தெளிக்காம அயர்ன் பண்ணுங்க, நீராவி விட்டா சுருங்கிடும்.

பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை வேண்டாம், அந்த வாசனை துணிய விட்டு போகாது. சரஸ்வதி மகால்ல ஓலைச்சுவடிக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை எல்லாம் இடிச்சு கற்பூரம் சேத்து சின்னத் துணி முடிச்சா கட்டி வைப்பாங்க. நான் வீட்ல வசம்பும் கிராம்பும் மட்டும் போட்டு வைக்கறேன், ஒண்ணும் வரல. முடிச்சு பேப்பர்ல படாம மூலையில இருக்கட்டும், கறை பிடிக்கும்.

அரசலாத்தங்கரை:

வசம்பு வாங்கியாச்சு, அம்மா என்னடி யாருக்கு குழந்த பொறந்துருக்குன்னு கேக்கறாங்க.

திரும்ப அந்தக் கடைக்கு போனேன். எந்த வீட்டுலருந்து வந்துச்சுன்னு கேட்டா அவருக்கு தெரியல, வீடு இடிக்கறதுக்கு முன்னாடி மொத்தமா தள்ளிவிட்டது, ட்ரங்குப் பெட்டி இருந்துச்சு இரும்புக்கு போயிடுச்சுன்னாரு. மிஷினும் இருந்துச்சாம். அதையும் இரும்பு விலைக்குதான் எடுத்தாங்களாம். அத கேட்டுட்டு அதுக்கு மேல அங்க நிக்க முடியல.

சரி, வேலைக்கு வரேன். நியூஸ்பேப்பர் பீஸ பிரவுன் ஷீட்ல எடுத்து, தாத்தாவோட பழைய வேட்டியில முதல்ல ஒரு சாம்பிள் தைச்சு பாத்தேன், உள்கோட்டுல. எனக்கும் 34தான். அக்கா, நான் இதுவரைக்கும் தைச்ச எந்த ஜாக்கெட்டும் கழுத்து இப்படி படுத்ததில்ல, தோள்ல இருந்து தோளுக்கு ஒரே கோடா நிக்குது, குனிஞ்சாலும் முன்னாடி வாய் திறக்கல. யூடியூப் போட் நெக்கெல்லாம் எனக்கு பின்னாடி தூக்கிக்கும். இதுல பின் கழுத்துல அரை இன்ச் மாதிரி ஒரு குட்டி டாட் வச்சிருக்காங்க, அதான் போல.

பட்டி மட்டும் எனக்கு ஒரு இன்ச் ஏறுது, சித்தி என்ன விட குள்ளம்னு நினைக்கறேன், அத சரி பண்ணிக்குவேன். பெரிய பிரச்சனை, கை பீஸ் இல்ல. நாலு பீஸ்லயும் கை இல்ல. "முழங்கை வரை"ன்னு எழுதிருக்காங்களே தவிர பேப்பர்ல கைய காணும், பையில கிடந்த துணுக்கெல்லாம் சேத்து பாத்தேன், உடைஞ்சு போனதுல இருந்துச்சோ என்னமோ. கவர்ல உள்ள முக்கால் கை டிஷ்யூ வச்சா ஆம்ஹோல்ல, அதான் கை பொருத்தற வளைவுல, ஒன்றரை இன்ச் மிச்சம் நிக்குது, தளர்ச்சி எடுத்ததால போல.

மன்னை டெய்லரக்கா:

கவுன் கைய அப்படியே வச்சா மிச்சம் நிக்கத்தான் செய்யும், அத சுருக்கி சுருக்கி ஏத்தாத, சுங்குடிக்கு பொம்மக் கை மாதிரி நிக்கும். அவ கைய நான் பாக்கல, ஆனா அவ படிச்ச அதே நோட்டதான் நானும் படிச்சேன், அவ எப்படி போட்டுருப்பான்னு எனக்கு தெரியும். நான் வரைஞ்சு போட்டோ அனுப்பறேன், நீ பிரவுன் ஷீட்ல எடுத்துக்க.

வேட்டி சாம்பிள்ல ஆம்ஹோல் சுத்தளவு அளந்து சொல்லு, டேப்ப நிமித்தி ஓரத்தோட வளைச்சு அளக்கணும், படுக்க வச்சு இல்ல. கை சுத்தளவு முழங்கைக்கு ரெண்டு இன்ச் மேல.

அரசலாத்தங்கரை:

ஆம்ஹோல் 15 இன்ச் ரெண்டு நூல். கை 10. ரெண்டு தடவ அளந்துட்டேன் அக்கா.